வெளிச்சமா, சூடா?

ஒரு கிராஃபீன் தாளின் இரு முனைகளிலும் ஒரே உலோகத்தால் மின்முனைகள் வைத்து, தாள் முழுக்கச் சமமாகப் படும்படி விளக்கைக் காட்டுங்கள். மின்னோட்டம் வராது. விளக்கின் பிரகாசத்தை எவ்வளவு கூட்டினாலும் வராது. எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் பூஜ்யத்தைத்தான். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, லேசர் கற்றையை நுண்ணோக்கியின் வில்லை வழியாக ஒரு மைக்ரோமீட்டர் அகலப் புள்ளியாகக் குவித்து, இடது மின்முனையும் கிராஃபீனும் சந்திக்கும் ஓரத்தில் வைப்பேன். சில நானோஆம்பியர் எழும். புள்ளியைத் தாளின் நடுவுக்கு நகர்த்தினால் அது தணிந்து மறையும். வலது ஓரத்துக்குக் கொண்டுபோனால் மறுபடி எழும், இந்த முறை எதிர்த்திசையில். முதலில் கண்ட பூஜ்யம் என்னவென்று அப்போதுதான் பிடிபடும். இரண்டு ஓட்டங்கள் பிறந்து, ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன.

கிராஃபீன் ஒளியை மின்சாரமாக்கும் என்று எழுதுகிறார்கள். படிப்பவருக்கோ தாளை வெயிலில் விரித்தால் போதும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஒளி செய்வது எலெக்ட்ரான்களைக் கிளப்பிவிடுவது மட்டும். கிளம்பியவை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தீர்மானிக்க, தாளில் இந்தப் பக்கம் வேறு, அந்தப் பக்கம் வேறு என்றொரு வேறுபாடு இருந்தாக வேண்டும். அந்த வேறுபாட்டைக் கையால் செய்து வைப்பதும், அதிலிருந்து வரும் ஒவ்வொரு நானோஆம்பியரும் எங்கே, எதனால் பிறந்தது என்று விசாரிப்பதும்தான் எங்கள் தொழில். கொச்சியில், மட்டாஞ்சேரியில் குடியிருந்துகொண்டு, களமசேரிப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் கிராஃபீன் ஒளியுணரிகள் செய்கிறேன். உள்ளிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

கிராஃபைட்டின் அடுக்குகளில் ஒரே ஓர் அடுக்குதான் கிராஃபீன். கார்பன் அணுக்கள் அறுகோணக் கண்ணிகளாகப் பின்னிக்கொண்ட வலை அது. பக்கத்துப் பக்கத்து அணுக்களுக்கு நடுவே 0.142 நானோமீட்டர். கிராஃபைட்டில் ஓர் அடுக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே 0.335 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கிராஃபைட்டில் ஏறக்குறைய 30 லட்சம் அடுக்குகள் இருக்கும். அதில் ஒன்றைத் தனியே பிரித்தெடுத்து அதன் மின்பண்புகளை அளக்கலாம் என்று 2004-ல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் காட்டினார்கள். அவர்கள் கையில் இருந்த முக்கியக் கருவி ஒட்டுநாடா. 2010-ல் நோபல் பரிசு வந்தது. கிராஃபைட் நம் பக்கத்துக்குப் புதிய பொருள் இல்லை. சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனம் அதை வெட்டியெடுத்துச் சுத்திகரிக்கிறது. இலங்கையின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாக ஓடும் கிராஃபைட் உலகிலேயே மிகத் தூய்மையானவற்றில் ஒன்று.

உரிக்கும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் புத்தகத்தில் கற்றுக்கொள்ள முடியாது. பளபளப்பான ஒரு கிராஃபைட் செதிலை நாடாவில் ஒட்டி, நாடாவை மடித்து, மெதுவாகப் பிரிக்க வேண்டும். ஒன்று இரண்டாகும். மறுபடி மடித்துப் பிரித்தால் இரண்டு நான்காகும். அவசரப்பட்டு இழுத்தால் படிகம் தூளாகும். பயந்து இழுத்தால் பிரியவே பிரியாது. நாடாவின் மேல் வெள்ளிப் பளபளப்பு மங்கி, சாம்பல் படலம்போலத் தெரியும்போது நிறுத்தி, சுத்தம் செய்த சிலிக்கான் தகட்டின், அதாவது வேஃபரின் மேல் அழுத்த வேண்டும். வேஃபரின் மேல் 300 நானோமீட்டர் கனத்துக்கு ஆக்சைடு வளர்த்திருப்பார்கள். 90 நானோமீட்டரும் சரிவரும். இந்தக் கனங்களில்தான் ஒளிக்குறுக்கீட்டினால் ஓரணுத் தடிமனுள்ள தாள் கண்ணுக்குத் தெரிகிறது. 200 நானோமீட்டர் ஆக்சைடின் மேல் அதே தாள் இருந்தாலும் பச்சை விளக்கில் நாம் அதைத் தாண்டிப் போய்விடுவோம்.

பிறகு நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்து தேட வேண்டும். பின்னணி ஊதா. தடித்த கிராஃபைட் மஞ்சளாக, நீலமாகக் கண்ணைக் கவரும். அதையெல்லாம் விட்டுவிட வேண்டும். நமக்கு வேண்டியது பின்னணி ஊதாவைவிட ஒரு பிடி மட்டும் அடர்ந்த ஊதா. அதன் விளிம்பு நேராக இருந்தால் நல்லது. புதியவர்கள் மணிக்கணக்கில் பார்த்தும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஒருமுறை கண்ணுக்குப் பழகிவிட்டால் நகர்த்திக்கொண்டே போகும்போது கை தானாக நிற்கும். இப்போது கேமரா, மென்பொருள் எல்லாம் தேடித் தருகின்றன. ஆனாலும் மாணவர்களை முதல் சில மாதம் கண்ணாலேயே தேடச் சொல்கிறேன். சுருக்கம், மடிப்பு, நாடாவின் பசை ஒட்டிய இடம் இவற்றைப் பார்த்துப் பழகாதவர், பிறகு அளவீட்டில் ஏதாவது கோணலாக வந்தால் காரணத்தைச் சாதனத்தில் தேடாமல் கோட்பாட்டில் தேடப் போய்விடுவார்.

கண் சொன்னதைச் சரிபார்க்க ராமன் நிறமாலை இருக்கிறது. 1928-ல் சி.வி.ராமன் கல்கத்தாவில் கண்ட அதே ஒளிச்சிதறல், இன்று உலகத்தின் எல்லா கிராஃபீன் ஆய்வகங்களிலும் அன்றாடப் பரிசோதனை. பச்சை லேசரைக் காட்டினால் 1580 அலையெண் அருகில் ஒரு முகடும், 2680 அருகில் இன்னொரு முகடும் வரும். இரண்டாவது முகடு ஒல்லியாகவும் ஒற்றையாகவும், முதலாவதைவிட இருமடங்கு உயரமாகவும் நின்றால் ஓரடுக்கு என்று நம்பலாம். 1350-ல் எதுவும் தலைதூக்கக் கூடாது. தூக்கினால் வலையில் பழுது. பெரிய பரப்பு வேண்டுமென்றால் வேறு வழி: தாமிரத் தகட்டின் மேல் 1000 டிகிரியில் மீதேன் வாயுவைச் செலுத்தி வளர்த்து, மேலே பாலிமர் பூசி, தாமிரத்தைக் கரைத்து, மிதக்கும் படலத்தை வேஃபரில் ஏந்துவது. தொழிற்சாலைக்கு அதுதான் ஏற்றது. பௌதிகத்தைச் சுத்தமாகப் பார்க்க நான் இன்னும் உரித்த தாளையே நம்புகிறேன்.

இந்தத் தாள் எவ்வளவு ஒளியை விழுங்கும்? 2.3 சதவீதம். ஊதாவானாலும் சிவப்பானாலும் அதே 2.3 சதவீதம். 2008-ல் மான்செஸ்டர் குழு இதை அளந்து வெளியிட்டது. கட்டுரையின் முதல் ஆசிரியர் கேரளத்துக்காரரான ராகுல் ரவீந்திரன் நாயர். சிறு துளையின் மேல் கிராஃபீனை விரித்து, ஒளி ஊடுருவுவதைப் பார்த்தார்கள். அந்த எண் பொருளின் தன்மையைச் சார்ந்தே இல்லை. ஒளிக்கும் எலெக்ட்ரானுக்கும் உள்ள உறவின் வலிமையைச் சொல்லும் 1/137 என்ற மாறிலியைப் பை (π) என்ற எண்ணால் பெருக்கினால் அதுதான். இயற்கையின் அடிப்படை மாறிலி ஒன்றை ஒரு துளையையும் ஒளிமானியையும் வைத்துக்கொண்டு இப்படிப் பார்த்துவிட முடிவது எனக்கு இன்றும் பெரிய சந்தோஷம். ஓர் அணு கனத்துக்கு 2.3 சதவீதம் என்பது மிக அதிகம். ஆனால் மீதி 97.7 சதவீதம் கடந்துபோகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

விழுங்கிய ஒளி என்ன ஆகிறது என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. என் சித்தப்பா ஃபோர்ட் கொச்சியில் வேலி என்ற இடத்தில் உள்ள தோபிகானாவில் துணி வெளுக்கிறவர். டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் சீருடை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. இப்போதுள்ள கட்டடம் 1976-ல் வந்தது. முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கு நடுவே துணியின் நுனியைச் செருகிக் காயப்போடுவார்கள்; கிளிப் கிடையாது. வெயிலை அவரைவிட நன்றாக அறிந்தவர் எங்கள் குடும்பத்தில் இல்லை. என் வேலையைப் பற்றி ஒருநாள் கேட்டார்.

“ஏண்டா, வெளிச்சம் பட்டு கரண்ட் வருதா, சூடு பட்டு வருதா? மேகம் மூடின நாள்லயும் வெளிச்சம் இருக்கத்தான் செய்யுது. துணி காய மாட்டேங்குதே.”

“படுறது வெளிச்சம்தான் சித்தப்பா. ஆனா கரண்ட்ட ஓட்டுறது பெரும்பாலும் சூடு. தாள் சூடாகறதில்ல, அதுக்குள்ள இருக்கிற எலெக்ட்ரான் மட்டும் சூடாகும்.”

“தாள் சூடாகாம உள்ள இருக்கிறது மட்டும் எப்படிடா சூடாகும்?”

வெளிச்சமா சூடா என்பது, 2009-க்கும் 2011-க்கும் நடுவே இந்தத் துறையே விவாதித்த கேள்வி.

சிலிக்கானில் நடப்பது வேறு. அங்கே எலெக்ட்ரான்களின் ஆற்றல்நிலைகளுக்கு நடுவே 1.1 எலெக்ட்ரான்வோல்ட் இடைவெளி உண்டு. அதைத் தாண்டும் அளவு ஆற்றலுள்ள ஒளித்துகள் வந்தால் ஓர் எலெக்ட்ரான் மேலே ஏறும். கீழே அது விட்டுப்போன காலியிடமாக ஒரு துளை விழும். மிச்ச ஆற்றல் படிகத்துக்குச் சூடாகப் போய்விடும். ஏறிய எலெக்ட்ரான் இடைவெளியின் மேற்கரையில் சாவகாசமாகக் காத்திருக்கும். இரு வகைச் சிலிக்கான் சேரும் சந்தியில் உள்ள மின்புலம் அதை ஒரு பக்கமும் துளையை மறுபக்கமும் இழுத்துக்கொள்ளும். கிராஃபீனில் இடைவெளியே இல்லை. ஆகவே காத்திருக்கக் கரையும் இல்லை.

532 நானோமீட்டர் பச்சை லேசரின் ஒரு துகள் 2.33 எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றல் கொண்டது. அது ஓர் எலெக்ட்ரானைப் பாதியளவு மேலே தள்ளி, துளையைப் பாதியளவு கீழே தள்ளுகிறது. அடுத்த சில பத்து ஃபெம்டோவினாடிகளுக்குள் அந்த எலெக்ட்ரான் அண்டையிலுள்ள எலெக்ட்ரான்களோடு மோதித் தன் ஆற்றலைப் பங்கிட்டுவிடுகிறது. ஒன்றுக்குக் கிடைத்தது பலருக்குமாகி, எலெக்ட்ரான் கூட்டம் முழுவதற்கும் ஒரு புதிய வெப்பநிலை வந்துவிடும். படிகத்துக்கு அந்தச் சூட்டைக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்றால், கொடுப்பது எளிதில்லை. கிராஃபீன் வலை மிக விறைப்பானது. அதன் வலுவான அதிர்வுகளைக் கிளப்ப ஒரு தடவைக்கு 0.2 எலெக்ட்ரான்வோல்ட் வேண்டும். அவ்வளவு கையில் இருக்கும்வரை எலெக்ட்ரான்கள் விரைவாகக் கொடுத்துவிடும். அதற்குக் கீழே வந்துவிட்டால், மெல்லிய ஒலியதிர்வுகளுக்குச் சில்லறை சில்லறையாகத்தான் கொடுக்க முடியும். தாளில் உள்ள அழுக்குகளும் குறைகளும் இடையில் புகுந்து அந்தக் கொடுக்கல்வாங்கலை விரைவுபடுத்துகின்றன என்று 2012-ல் ஜஸ்டின் சாங்கும் லியோனிட் லெவிட்டோவும் அவர்கள் குழுவும் கணக்கிட்டுக் காட்டினார்கள். அப்படியும் சில பிகோவினாடிகள் ஆகும். அந்த நேரத்துக்குள் சூடு ஒரு மைக்ரோமீட்டர் அளவு பரவிவிடும். எலெக்ட்ரான்களின் வெப்ப ஏற்புத்திறன் படிகத்தினுடையதோடு ஒப்பிட்டால் மிகமிகச் சொற்பம். கொஞ்சம் ஒளி பட்டாலே அவற்றின் வெப்பநிலை ஏறிவிடும், தாளோ அறைவெப்பநிலையிலேயே இருக்கும். சித்தப்பாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். அவர் முழுக்க ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நல்ல கேள்வி கேட்டவருக்கு உண்மையான பதிலைத்தான் சொல்ல வேண்டும்.

சூடான எலெக்ட்ரான் குளிர்ந்த பக்கம் நகரும். 1821-ல் தாமஸ் சீபெக் உலோகங்களில் கண்ட விளைவு இது. ஒரு பக்கமும் மறுபக்கமும் ஒரே தன்மையாக இருந்தால் இடப்பக்கம் போவதும் வலப்பக்கம் போவதும் சமமாகி, பழைய பூஜ்யம். ஒரு கெல்வின் வேறுபாட்டுக்கு எவ்வளவு மின்னழுத்தம் என்று சொல்வது சீபெக் எண். இரண்டு பக்கத்தின் சீபெக் எண்கள் வேறுபட்டால்தான் மின்னழுத்தம் மிஞ்சும். கிராஃபீனில் அந்த எண்ணை நாம் நினைத்தபடி மாற்றலாம் என்பதே இந்தப் பொருளின் பெருமை. ஆக்சைடுக்குக் கீழே, தாளைத் தொடாமல் இருக்கும் மின்முனையான கேட்டில் ஒரு மின்னழுத்தம் கொடுத்தால் தாளில் எலெக்ட்ரான்கள் கூடும். எதிர் மின்னழுத்தம் கொடுத்தால் துளைகள் கூடும். சீபெக் எண்ணின் குறியே மாறிவிடும். நல்ல தாளில் அது கெல்வினுக்கு 80 மைக்ரோவோல்ட் வரை போகும். ஒரே தாளின் இடப்பாதியை எலெக்ட்ரான் பக்கமாகவும் வலப்பாதியைத் துளைப் பக்கமாகவும் வைத்தால் வேறுபாடு 160. நடுக்கோட்டில் எலெக்ட்ரான்கள் 10 கெல்வின் கூடுதலாகச் சூடானால் 1.6 மில்லிவோல்ட். வெளியிலிருந்து எந்த மின்கலமும் இல்லாமல் கிடைப்பது அது.

இந்த விளக்கம் ஒரே நாளில் ஏற்கப்படவில்லை. 2009-ல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஃபெங்நியன் ஷியா, தாமஸ் முல்லர், ஃபெய்டான் அவூரிஸ் ஆகியோர் முதல் அதிவேக கிராஃபீன் ஒளியுணரியைக் காட்டினார்கள். 40 கிகாஹெர்ட்ஸ் வரை அதன் துலங்கல் குறையவில்லை. மின்முனை ஓரத்தில் உள்ள மின்புலம் எலெக்ட்ரானையும் துளையையும் பிரிக்கிறது என்று சிலிக்கான் வழியிலேயே அதைப் புரிந்துகொண்டார்கள். 2010-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஓரடுக்கும் ஈரடுக்கும் சந்திக்கும் எல்லையில் லேசரை வைத்துப் பார்த்தவர்கள், ஓட்டத்தின் திசை சீபெக் கணக்கோடுதான் ஒத்துப்போகிறது என்றார்கள். தீர்க்கமான சாட்சியம் 2011-ல் எம்.ஐ.டி.யில் பாப்லோ ஹரிய்யோ-ஹெரெரோவின் குழுவிடமிருந்து வந்தது. அந்தச் சோதனையின் அழகை நான் எத்தனை வகுப்பில் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

இரண்டு கேட்டுகள். ஒன்று இடப்பாதியை ஆளும், மற்றது வலப்பாதியை. லேசரைச் சந்தியில் நிறுத்திவிட்டு, இரண்டு கேட்டுகளின் மின்னழுத்தங்களையும் தனித்தனியே மாற்றி, ஒவ்வொரு சேர்க்கைக்கும் வரும் ஓட்டத்தை ஒரு சதுரப் படமாக வரைய வேண்டும். மின்புலம்தான் காரணம் என்றால், இரு பாதிகளும் ஒன்றாகும் மூலைவிட்டத்தில் மட்டும் குறி மாறும். படத்தில் இரண்டே பகுதிகள். சூடுதான் காரணம் என்றால் கதை வேறு. சீபெக் எண், எலெக்ட்ரான்களின் அடர்த்தி கூடக் கூட முதலில் ஏறி, உச்சம் தொட்டு, பிறகு இறங்கும். ஆகவே வேறுபாட்டின் குறி மூன்று கோடுகளில் மாறும். கூட்டல், கழித்தல், கூட்டல், கழித்தல் என்று ஆறு பகுதிகள் சுற்றி வரும். அவர்கள் படத்தில் ஆறு வந்தது. ஒரு சாதனத்தில் அந்த ஆறும் முதல்முறையாகத் திரையில் வரிவரியாக நிறம்பிடித்து வரும்போது ஆய்வகத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் வந்து நின்று பார்ப்போம்.

அந்தப் படம் கிடைக்க, சாதனம் சுத்தமாக இருக்க வேண்டும். கொச்சியில் அது பெரிய பாடு. நீராவி கிராஃபீனின் மேலும், அதன் கீழுள்ள ஆக்சைடின் மேலும் படிந்து, தாளில் துளைகளைக் கூட்டிவிடும். கேட்டைப் பூஜ்யத்தில் வைத்தாலே எலெக்ட்ரானும் துளையும் சமமாக இருக்க வேண்டிய புள்ளி, பத்து இருபது வோல்ட் தள்ளிப் போய் நிற்கும். மேலே போகும்போது ஒரு பாதை, திரும்பி வரும்போது இன்னொரு பாதை. எடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பிறகு எடுத்த அளவீட்டையும் மகர (தை) மாசத்து அளவீட்டையும் தேதி பார்க்காமலே என்னால் பிரித்துச் சொல்ல முடியும். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக் கிடங்கில் மிளகை ஒரு கைப்பிடி அள்ளி, ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்களே, அதே மாதிரியான பழக்கம் இது. துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) மாலைகளில் இடி மின்னல் தொடங்கினால் நுண்ணிய அளவீட்டை நிறுத்திவிடுவோம். சில நானோஆம்பியரை நம்பி இருக்கிற சாதனத்தை அந்த நேரத்தில் மின்கம்பியோடு கட்டிப்போடுவது அதற்குச் செய்யும் துரோகம். ஈரத்தால் ஒரு நன்மையும் உண்டு. உலர்ந்த ஊர்களில் விரல்நுனியின் நிலைமின்சாரம் பட்டு மின்முனைகள் கருகிப்போவதுபோல இங்கே அவ்வளவாக நடக்காது.

ஈரத்துக்கு மருந்து இரண்டு. வெற்றிடத்தில் வைத்துச் சூடாக்கி நீரை விரட்டுவது ஒன்று; வெளியே எடுத்ததும் அது திரும்பி வந்துவிடும். நிரந்தரமானது, போரான் நைட்ரைடு படிகத்தின் இரண்டு மெல்லிய அடுக்குகளுக்கு நடுவே கிராஃபீனைப் பொதிந்துவிடுவது. 2010-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் இந்தப் படிகத்தின் மேல் கிராஃபீனை வைத்துக் காட்டியதிலிருந்து உலகம் முழுக்க இதுவே வழக்கம். நல்ல படிகங்களில் பெரும்பகுதி ஜப்பானின் ட்சுக்குபாவில் வதனாபே, தனிகுச்சி இருவரும் வளர்ப்பவை. பொதியும்போது நடுவில் ஒரு குமிழ் சிக்கினாலும் அந்த இடத்தில் தனியாக ஓர் ஓட்டம் பிறக்கும். குமிழை விரட்ட, சூடான தளத்தின் மேல் மிக மெதுவாக, ஒரு ஓரத்திலிருந்து தொடங்கி இறக்க வேண்டும். எங்கள் வேலையில் பொறுமை என்ற குணத்துக்கு நேரடியாகக் கூலி கிடைக்கும் இடம் இதுதான்.

கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையத்தைப் பார்த்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள்: 2015 ஆகஸ்டிலிருந்து முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓடுகிறதே, அந்தப் பலகைகளை எப்போது கிராஃபீனாக மாற்றப் போகிறீர்கள்? மாற்ற மாட்டோம். மாற்றவும் கூடாது. அங்கே 2015-ல் 12 மெகாவாட்டில் தொடங்கி வயல்போலப் பரப்பியிருப்பது சிலிக்கான். விழும் ஒளியில் பெரும்பகுதியை உள்வாங்கி, அரை வோல்ட்டுக்கு மேல் தரும் பொருள். 2.3 சதவீதத்தை மட்டும் விழுங்கி மில்லிவோல்ட் கணக்கில் தரும் தாளை அந்த வேலைக்கு அழைப்பது தாளுக்கும் நல்லதில்லை, வேலைக்கும் நல்லதில்லை. சூரியமின்கலங்களில் கிராஃபீனை ஒளிபுகும் மின்முனையாகப் பயன்படுத்தலாம். அது வேறு சேவகம்.

கிராஃபீனின் இடம் எங்கே என்று காட்ட, கொச்சியிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவிலிருந்து மலேசியா வரை போகும் ‘சேஃப்’ என்ற கடலடிக் கேபிள் 2002-லிருந்து இங்கே கரையேறுகிறது. கண்ணாடி இழைக்குள் செய்தி வருவது 1.55 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியாக. அந்த ஒளியை மின்துடிப்பாக மாற்றினால்தான் கணினிக்குப் புரியும். சிலிக்கானுக்கு 1.1 மைக்ரோமீட்டருக்கு அப்பால் கண் தெரியாது. ஆகவே இண்டியம், காலியம், ஆர்சனிக் சேர்ந்த கலவைப் படிகங்களை இந்த வேலைக்கு வைத்திருக்கிறார்கள். அவற்றைச் சிலிக்கான் சிப்பின் மேல் வளர்ப்பது கடினம். கிராஃபீனையோ எந்த சிப்பின் மேலும் பரப்பலாம். இடைவெளி இல்லாத காரணத்தால் புற ஊதாவிலிருந்து டெராஹெர்ட்ஸ் வரை எல்லா ஒளியும் அதற்குத் தெரியும். எலெக்ட்ரான்கள் சில பிகோவினாடியில் சூடாகி ஆறிவிடுவதால் வேகமும் உண்டு. 2010-ல் அதே ஐ.பி.எம். குழு வினாடிக்கு 1000 கோடி பிட் வேகத்தில் 1.55 மைக்ரோமீட்டர் ஒளிச்செய்தியைக் கிராஃபீனால் படித்தது. என் பூஜ்யத்துக்கு அவர்கள் கண்ட தீர்வு எளிமையானது: ஒரு மின்முனை பல்லேடியம், மற்றது டைட்டேனியம். இரண்டும் கிராஃபீனில் வேறுவேறு அளவு மின்னூட்டத்தைக் கொட்டுவதால், சாதனம் முழுக்க ஒளி பட்டாலும் ஓட்டங்கள் முற்றிலும் அடித்துக்கொண்டு போவதில்லை. 2.3 சதவீதப் பிரச்சினைக்கு 2013-ல் வழி கிடைத்தது. ஒளியைத் தாளின் குறுக்கே பாய்ச்சாமல், ஒளியை நடத்திச்செல்லும் சிலிக்கான் அலைவழியின் மேல் தாளை வைத்து நெடுக ஓடவிட்டார்கள். பல பத்து மைக்ரோமீட்டர் தூரம் உரசிக்கொண்டே போகும் ஒளியில் பெரும்பகுதியைத் தாள் எடுத்துக்கொள்ளும்.

இதே 2013-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அரிந்தம் கோஷின் குழு முற்றிலும் வேறு பாதையில் போனது. கிராஃபீனோடு மாலிப்டினம் டைசல்ஃபைடு அடுக்கை ஒட்டினார்கள். ஒளியை விழுங்குவது அந்த அடுக்கு. அங்கே பிறக்கும் எலெக்ட்ரான் கிராஃபீனுக்கு வந்துவிடும், துளை அங்கேயே சிக்கிக்கொள்ளும். சிக்கிய துளை ஒரு சின்ன கேட்டைப் போல உட்கார்ந்துகொண்டு கிராஃபீனின் மின்தடையை மாற்றிக்கொண்டே இருக்கும். ஒரு வாட் ஒளிக்கு 50 கோடி ஆம்பியர் என்ற கணக்கில் அறைவெப்பநிலையிலேயே பதில் வந்தது. ஓராண்டுக்கு முன்னால் பார்சிலோனாவில் குவாண்டம் புள்ளிகளை வைத்து ஒரு கோடி ஆம்பியர் காட்டியிருந்தார்கள். இந்த எண்களைப் படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஓட்டத்தின் ஆற்றல் மின்கலத்திலிருந்து வருகிறது. ஒளி அதைத் திறந்துவிடுகிறது. துளை எவ்வளவு நேரம் சிக்கியிருக்கிறதோ அவ்வளவு பெருக்கம், அவ்வளவு மந்தம். மிக மங்கிய ஒளியைப் பார்க்கவும், பட்ட ஒளியை நினைவில் வைக்கவும் அது அருமையான சாதனம். கடலடிக் கேபிளின் முன்னால் வைக்க அது ஆகாது. ஒரே கிராஃபீன், இரண்டு குணம். எந்தக் குணம் வேண்டும் என்பதைச் செய்கிறவர் முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும்.

அதனால்தான் மாணவர் ஒருவர் ஓட்டம் வந்துவிட்டது என்று ஓடிவரும்போது, எவ்வளவு என்று நான் முதலில் கேட்பதில்லை. எங்கிருந்து என்று கேட்கிறேன். லேசரின் வலிமையைப் பாதியாக்கு, ஓட்டமும் பாதியாகிறதா? ஒளியை வெட்டும் சக்கரத்தை வேகமாகச் சுழற்று, ஓட்டம் தேய்கிறதா? தேய்ந்தால் எங்கோ மின்னூட்டம் சிக்கியிருக்கிறது, அல்லது அடியில் உள்ள சிலிக்கானே ஒளிபட்டுக் கேட்டை அசைக்கிறது. லேசரை 1.55 மைக்ரோமீட்டருக்கு மாற்று. சிலிக்கானுக்குக் கண் தெரியாத அந்த ஒளியிலும் ஓட்டம் நிற்கிறதா? மின்கலத்தை இணைத்துப் பார், குறி மாறுகிறதா? மின்கலம் இணைத்த கிராஃபீனில் தாளே சூடாகி மின்தடை கூடுவதால் ஓட்டம் குறைவது உண்டு, 2013-ல் ஐ.பி.எம். குழு இதைப் பிரித்துக் காட்டியிருக்கிறது. கடைசியில் இரண்டு கேட்டுகளையும் திருப்பி அந்த ஆறு பகுதிகளைத் தேடு. இவ்வளவுக்கும் பதில் சொன்ன நானோஆம்பியரைத்தான் குறிப்பேட்டில் அதன் பெயரோடு எழுத அனுமதிப்பேன்.

இப்போது எங்கள் கவனமெல்லாம் மின்முனைகளின் மேல். மின்கலம் இல்லாமல் ஓடும் சாதனத்தில், ஒளி படாதபோதும் ஓடும் இருட்டோட்டம் கிடையாது. மிஞ்சுவது வெப்ப இரைச்சல் மட்டும். அந்த இரைச்சலை நிர்ணயிப்பது மின்தடை, மின்தடையில் பெரும்பங்கு உலோகமும் கிராஃபீனும் தொடும் இடத்தில் இருக்கிறது. போரான் நைட்ரைடில் பொதிந்த தாளின் ஓரத்தை அரித்துத் திறந்து, விளிம்பில் மட்டும் குரோமியமும் தங்கமும் தொடும்படி செய்கிறோம். நடுவில் இரண்டு கேட்டுகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை 200 நானோமீட்டரிலிருந்து 100-க்குக் குறைத்துப் பார்க்கிறோம். சூடு பரவும் ஒரு மைக்ரோமீட்டருக்குள்ளேயே சந்தி முழுவதும் அடங்கிவிட்டால், மின்முனைக்குப் போய் வீணாகும் சூடு குறையும். எடவப்பாதிக்கு முன்னால் முதல் தொகுதியைப் பொதிந்து முடித்துவிட்டால், மழைக்காலம் முழுக்க அதையே அளந்துகொண்டிருக்கலாம்.